தாத்தாவை ஸ்கேன் செய்வது எப்படி?

தேவையான பொருட்கள்: ஸ்கேனர் ஒன்று. கரண்ட், இருக்கும்போது. கண்ணாடிச் சட்டம் போட்ட தாத்தா ஒருவர். பரணில் கிடக்கும் பிஸ்கட் டின் ஒன்று, உள்ளே நெகட்டிவ்கள். அத்தை ஒருவர். இவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றும் சத்தம் கேட்டதுமே வந்துவிடுவார்.

செய்முறையை நான் கற்றது செஞ்சிக்குப் பக்கத்தில், எங்கள் ஊரான தொண்டூரில். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்த டின் கிடைத்தது. சென்னையில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்குச் சுவிட்ச் உள்ள எல்லாமே தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. கிரைண்டர், இன்வெர்ட்டர் வரிசையில் டின்னும் என் மடியில் வந்து விழுந்தது. நான்கு நாளில் நான் கண்ட புகார்களையும் அவற்றுக்கான நிவாரணங்களையும் கீழே தருகிறேன். நிவாரணங்களில் பாதி வேலை செய்யும்.

புகார்: தாத்தா மங்கலாகத் தெரிகிறார்

சட்டத்தோடு கவிழ்த்து வைத்தால் மங்கலாகத்தான் தெரிவார். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெலிந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. தன் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டுமே அவை கூர்மையாகப் பார்க்கும். படம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எழும்பிவிட்டால் பார்வை கலங்கிவிடும். சட்டத்தின் கண்ணாடியே அந்தத் தடிமன்தான். கனமான, பழைய பாணி சிசிடி ஸ்கேனர்களுக்குக் கொஞ்சம் எட்டப் பார்வை உண்டு. சுருண்ட படம், தடித்த அட்டையில் ஒட்டிய படம் இவற்றுக்கு அதுதான் சரி. என்னிடம் இருந்தது மெலிந்தது. ஆகவே சட்டத்தைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"என்னாடா பண்ற?"

"சட்டத்தக் கழட்டறேன் அத்தை."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா எங்கப்பாவ எறக்கி வெப்பியா?"

எனவே படி ஒன்று: சனிக்கிழமைவரை காத்திருக்கவும். படி இரண்டு: சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகு காலம், அதுவரையும் காத்திருக்கவும். பத்தரைக்குக் கரண்ட் போனால் அது இந்த வழிகாட்டியின் குற்றமல்ல.

கழற்றியதும் அடுத்த சிக்கல். தாத்தா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக ஒவ்வொரு அமாவாசைக்கும் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறார் அத்தை. துடைத்த ஈரம் சட்டத்தின் விளிம்பு வழியாக இறங்கி உள்ளே போயிருக்கிறது. போட்டோ காகிதத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதோடு ஒட்டிவிடும். (மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுப்பது இந்த ஜெலட்டின். சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்ளும் பங்காளி வீட்டுச் சுவரிலும் அதுதான் தொங்குகிறது. கல்யாணம், கருமாதி தவிர மற்ற நாட்களில் இதை அவர்களிடம் சொல்லலாம்.)

ஒட்டிய படத்தைப் பிய்க்கக் கூடாது. பிளேடு, வெந்நீர், ஹேர் டிரையர் மூன்றையும் ஊரில் மூன்று பேர் பரிந்துரைத்தார்கள். மூன்றிலும் முகம் கண்ணாடியோடு போய்விடும், காகிதம் மட்டும் உங்கள் கையில் மிஞ்சும். கண்ணாடியோடு அப்படியே வைத்துக் கேமராவில் எடுப்பதே வழி. இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு விளக்கு வையுங்கள். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கினால் உங்கள் முகம் கண்ணாடியில் எதிரொளிக்காது. எங்கள் வீட்டில் கறுப்புச் சேலை யாருக்கும் ஆகாது. சபரிமலை போய்வந்து மாலை கழற்றியிருந்த சித்தப்பாவின் வேட்டி கிடைத்தது.

புகார்: படம் முழுக்க வெள்ளைப் புள்ளி

தூசி. மல்லாட்டை உடைக்கும் மெஷின் ஓடும் தெருவில் இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வேட்டித் தலைப்பால் துடைத்தால் புள்ளிகள் கோடுகளாகும். ரப்பர்ப் பந்து போன்ற ஊதுகருவி கேமராக் கடைகளில் கிடைக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கியபின் அதிகாலையில் வேலை செய்யுங்கள். கோலம் போட எழுந்த அத்தை அந்நேரத்தில் பேச்சுக் கொடுப்பார். பேசிக்கொண்டே செய்யலாம்.

எல்லா ஸ்கேனிலும் ஒரே இடத்தில் நெடுகக் கோடு விழுந்தால் குற்றம் இயந்திரத்தில், பெரும்பாலும் உள்ளே உணரியின் வழியில் உட்கார்ந்த ஒரு துகள். கோடு இடம் மாறினால் குற்றம் படத்தில். எந்தக் கோடும் விழவில்லை என்றால் நீங்கள் இன்னும் ஸ்கேனரைச் சொருகவில்லை.

தூசியைத் தானே நீக்கும் வசதி சில ஃபிலிம் ஸ்கேனர்களில் உண்டு. அகச்சிவப்பு வெளிச்சத்தை ஃபிலிம் வழியே அனுப்பி, அது எங்கே தடைபடுகிறதோ அங்கே தூசி என்று குறித்துக்கொள்ளும். கலர் நெகட்டிவில் இது அருமையாக வேலை செய்கிறது, ஏனெனில் கலர்ச் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பதோ வெள்ளி. வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும். ஆகவே அந்தப் பொத்தானைத் தட்டினால் இயந்திரம் மாப்பிள்ளை, பெண், ஐயர் மூவரையும் தூசி என்று முடிவு செய்து துடைத்துவிடும். செஞ்சி டவுனில் ஒரு கடையில் எங்கள் கறுப்பு வெள்ளைச் சுருளை இப்படித்தான் வாங்கிவந்தேன். ஒவ்வொரு முகமும் தண்ணீரில் விழுந்த நிலாபோல் இருந்தது. "ஹெச்டி கிளீனிங் சார், கூட முப்பது ரூபாய்" என்றார் பையன்.

புகார்: நெகட்டிவ் வெறும் கறுப்பாக வருகிறது

சாதாரண ஸ்கேனர் வெளிச்சத்தைப் படத்தின்மேல் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கும். நெகட்டிவுக்கோ வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் இல்லாவிட்டால் இது நடக்காது. அத்தை டார்ச் அடித்து உதவ முன்வந்தார். டார்ச்சின் வட்டம் படத்தில் விழுந்தது, சாமி படத்துக்குப் பின்னால் வரும் ஒளிவட்டம்போல. அந்தப் படத்தை மட்டும் அத்தை பிரிண்ட் கேட்டார்.

மூடி விளக்குள்ள ஸ்கேனரை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். இப்போது வேறு புகார்: படத்தில் எண்ணெய் சிந்திய தண்ணீர்போல வானவில் வளையங்கள். ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும்போது இடையில் உள்ள மெல்லிய காற்றுப் படலம் செய்யும் வேலை அது. நியூட்டன் வளையம் என்று பெயர். ஃபிலிமைச் சட்டத்தில் மாட்டிக் கண்ணாடியிலிருந்து சற்றே தூக்கி வைத்தால் போய்விடும். சுருண்ட ஃபிலிமைச் சுத்தமான காகிதத்துக்கு நடுவே வைத்து, தடித்த புத்தகத்தின் அடியில் சில நாள் விடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தடிமனுக்குக் கம்பராமாயணம் இருந்தது. பலன் உண்டு.

கலர் நெகட்டிவ் என்றால் இன்னொன்று. அதன் அடித்தளமே ஆரஞ்சு நிறம். சாயங்களின் குறையைச் சரிக்கட்டக் கம்பெனிக்காரர்களே சேர்த்தது. இதைக் கழிக்காமல் நிறத்தைத் தலைகீழாக்கினால் எல்லாரும் நீலமாவார்கள். என் பெற்றோரின் கல்யாணத்தில் ஊரே கிருஷ்ணனாக நின்றது. படமே இல்லாத ஃபிலிம் விளிம்பைக் கொஞ்சம் சேர்த்து ஸ்கேன் செய்து, 'இதுதான் உன் வெறுமை' என்று மென்பொருளுக்குக் காட்டினால் நிறம் திரும்பும்.

டின்னைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் மூடிவிட்டு ஜன்னலைத் திறங்கள். அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும், எனவே வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் டின்னில் அப்படி இரண்டு இருந்தன. நம் ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கும். குளிர்ந்த மலைமேல் பிறந்த சரக்கு அது. அதைத் தகர டின்னில் போட்டு, ஓட்டுக்கு அடியில், செஞ்சிப் பாறைகள் வாங்கி உமிழும் சித்திரை வெயிலில் வைத்தோம். நாற்பது சித்திரை தாங்கியதே பெரிது.

புகார்: எல்லாம் சரி, ஆனால் ஏதோ சரியில்லை

அத்தை கண்டுபிடித்தது இது. செஞ்சிக் கோட்டைக்குப் போனபோது கல்யாண மகால் முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம். கூர்மை இருந்தது, நிறம் இருந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"என்னாடா இது, எங்கம்மா மாராப்பு வலது தோள்ல கெடக்குது?"

ஃபிலிமைப் புரட்டிப் போட்டிருந்தேன். கல்யாண மகாலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சதுரக் கோபுரம், நேரே நின்று எடுத்தால் இடமும் வலமும் ஒன்றுதான். தமிழ்க் குடும்பப் படத்துக்கு நம்பகமான சோதனை இரண்டு: சேலையின் மாராப்பும் சட்டைப் பாக்கெட்டும். இரண்டும் இடது பக்கம் இருந்தால் படம் நேராக இருக்கிறது. இந்தச் சோதனையை எந்த ஸ்கேனர் கம்பெனியும் தன் கையேட்டில் போடவில்லை. ஃபிலிம் விளிம்பில் அச்சடித்த எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்க வந்தால் அந்தப் பக்கம் சரி என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் சரிதான், எழுத்து தெரியும் கண்ணிருந்தால்.

புகார்: ஃபைல் பெரிதாக இருக்கிறது

தபால் அட்டை அளவு படம் ஒன்றை, நாலுக்கு ஆறு அங்குலம், 4800 டிபிஐயில் ஸ்கேன் செய்தான் என் தம்பி. பெரிய எண் நல்லது என்பது அவன் கட்சி. கணக்குப் போடுங்கள்: 19,200 பெருக்கல் 28,800. ஐம்பத்தைந்து கோடிப் புள்ளிகள், சுருக்காமல் சேமித்தால் ஒன்றரை ஜிபிக்கு மேல். அந்தப் படத்தில் இருந்தது ஒரு பசு, அதுவும் திரும்பி நிற்கிறது. காகிதப் படத்துக்கு 600 போதும், பாதிக்கு மேல் படங்களுக்கு 300 போதும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் 24-க்கு 36 மில்லிமீட்டர்தான் என்பதால் அதற்கு 2400-ஆவது வேண்டும். அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணில் 'ஆப்டிகல்' என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது சாம்பாரில் தண்ணீர் ஊற்றிய கணக்கு.

இத்தனையும் செய்து முடித்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி நசுங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். யாரும் திறக்க மாட்டார்கள், ஆனால் தரம் இருக்கும்.

ஸ்கேனரைவிடப் பெரிய கல்யாண குரூப் போட்டோ இருந்தால் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டலாம். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறியிருக்கட்டும், இல்லாவிட்டால் பெரியப்பா இரண்டு முறை வருவார். மென்பொருள் இல்லாத 1858இலேயே லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக, தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அதைப் பார்க்கும் எவருக்கும் மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று புலம்ப வெட்கமாக இருக்கும்.

புகார்: படத்தில் தேன்கூடு

எண்பது, தொண்ணூறுகளில் கல்யாண ஆல்பங்களுக்கு 'சில்க்' காகிதம் என்று ஒரு மோகம் இருந்தது. மேடு பள்ளமான மேற்பரப்பு. ஸ்கேனர் விளக்கு சாய்வாக அடிப்பதால் ஒவ்வொரு மேடும் மினுங்கி, மணப்பெண் முகத்தில் கட்டம் கட்டமாக வரும். ஒருமுறை ஸ்கேன் செய்து, படத்தை முழுதாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை செய்து, இரண்டையும் சேர்த்தால் பெருமளவு குறையும்.

இதே சாய்ந்த வெளிச்சம் எங்கள் ஊரில் இன்னோர் இடத்தில் வேண்டியதாக இருக்கிறது. தொண்டூரில் சமணர் படுக்கைகள் வெட்டிய பாறையும், அதில் தமிழிக் கல்வெட்டும் உண்டு. ஏறக்குறைய கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். காலையிலோ பொழுது சாயவோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்து எழுந்து வரும். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரக் காகிதத்தைப் பாறைமேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படியும் ஒரு ஸ்கேன்தான். அதில் தூசி நீக்கும் பொத்தான் கிடையாது. பாறையின் வெடிப்பும் எழுத்தின் கோடும் ஒன்றாக வந்து விழும், எது எது என்று ஆள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இதை இங்கே சொல்லக் காரணம் அடுத்த புகார்.

புகார்: தாத்தாவின் கன்னத்தில் கிறுக்கல்

டின்னின் அடியில் ஒரு காகித உறை. செஞ்சியில் தாத்தா படம் எடுத்த ஸ்டுடியோவை மூடியபோது, பழைய நெகட்டிவ்களை வெள்ளி பிரிப்பவர்களுக்கு எடைக்குப் போட்டார்களாம். எங்கள் உறையை மட்டும் சித்தப்பா கேட்டு வாங்கிவந்திருக்கிறார். சுவரில் தொங்கும் அதே படத்தின் மூல நெகட்டிவ், உள்ளங்கையில் பாதி அளவு. சட்டத்தோடு போராடிய மூன்று நாளும் வீண் என்று புரிந்தது.

ஸ்கேன் செய்தேன். சட்டை மடிப்பு, கடுக்கன், பின்னால் திரையில் வரைந்த படிக்கட்டு எல்லாம் சுவர்ப் படத்தைவிடத் துல்லியம். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் கோழி கிளறியதுபோல் நுண்ணிய கீறல்கள். துடைக்கும் கருவியை எடுத்துப் பாதி நெற்றியைச் சுத்தம் செய்திருப்பேன். அதற்குள் என் தங்கை மகள் முந்திக்கொண்டாள். புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள், அவள் போனில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. பத்து நொடியில் தாத்தா பளபளவென்று வந்தார். கீறல் இல்லை. சுருக்கமும் இல்லை. முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக இருந்தன, நிறம் இரண்டு மடங்கு வெளுத்திருந்தது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பழக்கம் செயலிகள் கண்டுபிடித்ததல்ல. கலர் லேப்கள் நிறம் சரிபார்க்கக் கோடாக் கம்பெனி 1950களிலிருந்து அனுப்பிய அளவுப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். முதலில் நின்ற பெண்ணின் பெயரால் 'ஷர்லி கார்டு' என்றே அவற்றை அழைத்தார்கள். ஷர்லி சரியாக வந்தால் உலகமே சரி. தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, வேட்டியின் வெள்ளையை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். முகத்தை அதன் போக்கில் விடுங்கள்.

அத்தை போனை வாங்கிப் பார்த்தார்.

"யாரும்மா இது? சீரியல்ல வர்றவனா?"

"உங்க அப்பாதான் ஆத்தா."

"எங்கப்பாவுக்கு மொகமெல்லாம் அம்மைத் தழும்பு இருக்கும். சின்ன வயசுல பெரியம்மை போட்டது. எங்க போச்சு?"

சுவரில் இருக்கும் படத்திலும் தழும்பு இல்லையே என்றேன். அத்தை அதையும் அன்றுதான் கவனித்ததுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

நெகட்டிவின் மங்கலான பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். கீறல்கள் மினுங்கின. பென்சில். பழைய ஸ்டுடியோக்காரர்கள் 'டச்சிங்' என்று சொல்வார்களே, அந்த வேலை. முகத்தின் பள்ளம் நெகட்டிவில் தெளிந்த புள்ளியாக இருக்கும். அதைக் கூரிய பென்சிலால் மெல்ல மெல்ல நிரப்பினால் பிரிண்டில் கன்னம் வழவழப்பாகும். மேலே சொன்ன டிரைப்பே தன் காகித நெகட்டிவ்களில் வானத்துக்கு மேகம் தீட்டியவர்தான். பிரிண்ட் போடும்போது மறைந்துவிடும் பென்சில், ஸ்கேனரின் கடுமையான வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டது. தழும்பு எத்தனை என்று எண்ண வேண்டுமானால் கீறல் கூட்டங்களை எண்ணினால் போதும். நான் நெற்றியின் இடப்பக்கம் மட்டும் எண்ணினேன். பதினொன்று.

தீர்வு: எதையும் துடைக்காத ஸ்கேன் ஒன்றை அப்படியே சேமியுங்கள். அழகுபடுத்துவதெல்லாம் நகலில். ஸ்டுடியோ நெகட்டிவ் கட்டுக்கட்டாக வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடுமுன் புதுச்சேரியில் 1955இலிருந்து இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை விசாரிக்கலாம். தமிழ் ஸ்டுடியோ படங்களை ஆவணப்படுத்தும் வேலை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அங்கே நடந்திருக்கிறது.

எந்தப் படத்தைப் பிரிண்ட் போடுவது என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. தங்கை மகளின் பளபளப்புக்கு இரண்டு ஓட்டு, சுவரில் உள்ளதே போதும் என்று சித்தப்பா. அத்தை கீறல் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, லேப்டாப் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குத் தை அமாவாசை.

புகார்: திரையில் மஞ்சள் கறை, நடுவில் சிவப்பு

சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்கேனரில் குற்றமில்லை. லேப்டாப்பை அணைத்து, நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் அழுத்தாமல் துடைக்கவும். தண்ணீர் தெளிக்க வேண்டாம், விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். அத்தை படையலுக்கு இலை அறுக்கத் தோட்டத்துப் பக்கம் போகும்வரை காத்திருக்கவும்.